நோவுக்கு எத்தனை சொல்? – ஆங்கிலச் சொல்வளம் பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கிலச் சொல்வளம் என்றதும் நம் பிள்ளைகள் தேடிப்போவது ஒரு சொற்பட்டியலைத்தான். கொப்பியின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். 'வீப்' என்றால் அழு. 'சொப்' என்றால் அழு. 'வெய்ல்' என்றாலும் அழு. 'விம்பர்' என்றாலும் அதே அழு. நாலு சொல் பாடமாக்கியாச்சு என்று பிள்ளை நினைக்கிறது. உண்மையில் ஒரு சொல்லைத்தான் நாலு தரம் எழுதியிருக்கிறது. முப்பது வருஷம் இங்கிலிஷ் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கொப்பிகளில் குறை இருப்பது இடப்பக்கத்தில் அல்ல, வலப்பக்கத்தில்.

ஒரு மௌத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லோரும் ஒரே மாதிரியா அழுகிறார்கள்? மூத்த மகள் கதறுகிறாள். பேரன் ஒரு மூலையில் நின்று தேம்புகிறான். வயதான சகோதரர் சத்தமே இல்லாமல் கண்ணீர் வடிக்கிறார். என்ன நடக்கிறது என்று விளங்காத கைக்குழந்தை சிணுங்குது. இந்த வித்தியாசங்களை நமக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை, உம்மாவின் வாயிலிருந்து வந்தவை. கண்ணீர் வடிப்பதற்கு 'வீப்', மூச்சை இழுத்து இழுத்துத் தேம்புவதற்கு 'சொப்', ஓலமிடுவதற்கு 'வெய்ல்', சிணுங்கலுக்கும் மெல்லிய முனகலுக்கும் 'விம்பர்' என்று வலப்பக்கத்தை எழுதிப் பாருங்கள். பிறகு அந்தச் சொற்கள் மறக்காது. இது எல்லா இடத்திலும் அச்சொட்டாகப் பொருந்தாதுதான். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் செய்யாதவர்களுக்கு ஒரு ஊன்றுகோல் தேவைப்படுகிறது. அதன் பெயர் 'வெரி'. வெரி டயர்ட், வெரி ஹங்ரி, வெரி சேட், வெரி நைஸ். உயர்தர மாணவர்களின் கட்டுரைகளில் ஒரு பக்கத்திலேயே ஏழெட்டு 'வெரி' எண்ணியிருக்கிறேன். களைத்து விழுந்தவனுக்கு 'எக்ஸோஸ்டட்' இருக்கிறது, பசியில் துடிப்பவனுக்கு 'ஸ்டார்விங்' இருக்கிறது. ஆனால் இவற்றைப் பரீட்சைப் புள்ளிக்கான அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் இது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

நோவை எடுத்துக்கொள்வோம். கனடாவின் மொன்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். நோயாளிகள் தங்கள் நோவைச் சொல்லும் சொற்களை அவர் திரட்டினார். 1975இல் அவர் வெளியிட்ட மெக்கில் நோவு வினாக்கொத்தில் 78 சொற்கள், 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்திய கருவி அது. நோவு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எப்படிப்பட்ட நோவு என்றும் கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எரிகிற மாதிரியா, குத்துகிற மாதிரியா, அழுத்துகிற மாதிரியா என்பது, காரணத்தைத் தேடும் வைத்தியருக்கு ஒரு தடயம்.

அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு நம் வீட்டுப் பெண்களின் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. 'விண் விண்ணென்று தெறிக்குது' என்பார்கள். அது 'த்ரொபிங்'. 'சுருக்கென்று குத்துது' என்பது 'ஸ்டாபிங்'. 'எரியுது' என்பது 'பேர்னிங்'. கால் 'உளையுது' என்றால் 'ஏக்கிங்'. வயிற்றைப் 'பிசையுது, முறுக்குது' என்பதற்கு 'க்ராம்பிங்' என்ற சொல் இருக்கிறது. 'ஊசி குத்தின மாதிரி சுள்ளென்குது' என்பதற்கு 'ப்ரிக்கிங்'. 'நெஞ்சில கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி அமத்துது' என்று ஒருவர் சொன்னால் 'ப்ரெஸிங்', இன்னும் கடுமையாக இருந்தால் 'க்ரஷிங்'. இந்தக் கடைசிச் சொல் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் உள்ள வைத்தியரை நிமிர்ந்து உட்கார வைக்கும். மாரடைப்பின் நோவு பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

இப்போது வளைகுடாவில் வேலை செய்யும் நம் பையன் ஒருவனை நினையுங்கள். முன்னால் இருக்கும் டொக்டருக்குத் தமிழ் தெரியாது, சிங்களமும் தெரியாது. அவன் 'செஸ்ட் பெய்ன், வெரி பெய்ன்' என்று மட்டும் சொல்கிறான். அவனுடைய உம்மாவிடம் இருந்த அத்தனை நுணுக்கமும் விமானம் ஏறும்போது ஊரிலேயே தங்கிவிட்டது. அதைக் கொண்டுபோக அவனுக்கு ஆயிரம் சொல் தேவையில்லை. ஏழு சொல் போதும்.

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்கு ஏன் இத்தனை சொல் என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அதற்கு வரலாறு இருக்கிறது. 1066இல் பிரெஞ்சு பேசிய நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரண்மனை, நீதிமன்றம், விருந்து எல்லாம் பிரெஞ்சுக்குப் போயின. வயலும் அடுப்படியும் பழைய ஆங்கிலத்திலேயே கிடந்தன. பின்னர் கல்வியோடு லத்தீன் வந்து மேலே படிந்தது. அதனால் கேட்பதற்கு 'ஆஸ்க்', 'குவெஸ்ச்சன்', 'இன்டெரொகேட்' என்று மூன்று படிகள். முதலாவது வீட்டுப் பேச்சு. இரண்டாவது கொஞ்சம் விறைப்பு. மூன்றாவதில் பொலிஸ் நிலையத்தின் மேசையும் கதிரையும் தெரிகின்றன. மகனிடம் 'சாப்பிட்டியா' என்று உம்மா கேட்பதை 'இன்டெரொகேட்' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

இடையில் ஒரு சந்தோஷமான தகவல். அரபிகள் நம் தீவை சரந்தீப் என்றார்கள். அந்தப் பெயரில் மூன்று இளவரசர்களைப் பற்றிய ஒரு பழைய கதை உண்டு. அதை நினைவில் வைத்து, 1754 ஜனவரியில் ஹொரஸ் வல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் 'செரண்டிப்பிட்டி' என்ற சொல்லை உருவாக்கினார். தேடாத நல்லதொன்று தற்செயலாகக் கைக்கு வந்து சேர்வதே அதன் பொருள். 'மெகஸின்' என்பதும் களஞ்சியத்தைக் குறிக்கும் 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். ஆங்கிலம் முழுக்க முழுக்க அந்நியப் பொருள் என்று பயப்படும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

நோவைப் போலவே இன்னோரிடத்திலும் சொல்லின் நிறம் முக்கியம். பத்திரிகையில் ஒருவர் 'செட்' என்று எழுதினால், அவர் சொன்னார் என்று மட்டும் பொருள். 'கிளெய்ம்ட்' என்று எழுதினால், சொன்னார், ஆனால் நம்புவதா இல்லையா என்பது உங்கள் பாடு என்ற தொனி சேர்ந்துவிடுகிறது. பொய் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை, ஆனாலும் சந்தேகம் விதைக்கப்பட்டாயிற்று. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே நடவடிக்கையை 'மென்டேட்டரி' என்று எழுதியவர்களும் இருந்தார்கள், 'ஃபோர்ஸ்ட்' என்று எழுதியவர்களும் இருந்தார்கள். முதற்சொல்லில் ஒரு சட்டவிதி மட்டுமே தெரிகிறது. இரண்டாவதில் கையெழுத்துப் போட மறுத்து நிற்கும் ஒரு குடும்பமும் தெரிகிறது. உலகத்துக்கு முறையிட வேண்டிய ஒரு சிறுபான்மைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது ஆடம்பரமல்ல.

பயிற்சிக்கு வருகிறேன். ஒத்தகருத்துச் சொல் அகராதியை ஆரம்பத்தில் நம்பவேண்டாம். அது சொற்களைக் கூட்டிவைக்கும், நிறத்தைச் சொல்லாது. அதைவிட, மாணவர்களுக்கென்றே உருவான அகராதிகள் நல்லவை. ஏ. எஸ். ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்தபோது தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதிதான் பின்னர் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாகி, இன்று மேல்நிலை மாணவர் அகராதியாக நம் கைகளில் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகவே அது தொடங்கியது. பொருளோடு நிறுத்தாமல், உதாரண வாக்கியங்களையும் வாசியுங்கள். எந்தச் சொல் எதனோடு கூட்டுச் சேரும் என்பது அங்கேதான் தெரியும். மழைக்கு 'ஹெவி' சேரும். நாமும் கனமழை என்கிறோமே. சாயம் கூடின தேத்தண்ணிக்கு 'ஸ்ட்ரோங்' சேரும், 'பவர்ஃபுல்' சேராது. காற்றுக்கும் 'ஸ்ட்ரோங்' சேரும், ஆனால் வாகன நெரிசலுக்குத் திரும்பவும் 'ஹெவி' வந்துவிடும். ஏன் இப்படி என்று கேட்டால் ஆங்கிலேயருக்கும் பதில் தெரியாது. ஒரு கிழமைக்கு இப்படி ஐந்து சோடி போதும். கொப்பியின் வலப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுங்கள்.