பகடையும் பாத்திர மரணமும்

நமது சங்க அன்பர்கள் சிலரின் இல்லங்களில் ஞாயிறு மாலை வேளைகளில் ஒரு புதுமையைக் காணலாம். நான்கைந்து சிறுவர் சிறுமியர் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கையில் கொண்டு, பல முகங்களையுடைய பகடைகளை உருட்டியவண்ணம் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பர். சூதாட்டமோ என்று பெரியோர் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு காசும் பந்தயம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரமாகிறார். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்கு அப்பால் இருப்பதைக் கதை நடத்துபவர் சொல்வார். எடுத்த காரியம் கைகூடுமா என்பதில் ஐயம் எழுந்தால் பகடை தீர்ப்புக் கூறும்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதல் அச்சேறிப் புகழ் பெற்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அதனை ஆக்கியோர். பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டே இதன் தாய். அங்கே சிப்பாய் ஒருவன் வீழ்ந்தால் எவரும் கண் கலங்குவதில்லை. இங்கோ ஆடுபவரிடம் இருப்பது ஒரே ஓர் ஆள். அவனுக்குப் பெயரிட்டு, ஊரும் உறவும் கற்பித்து, மாதக் கணக்கில் வளர்த்திருக்கிறார். அவன் இறக்கும் வேளையைப் போலக் கதை நடத்துபவருக்குச் சங்கடமான வேளை வேறொன்றில்லை. எங்கள் ரயில்வே குடியிருப்பில் பிள்ளைகளுக்காக இதனை நடத்தி வருபவனாதலின், இது குறித்துச் சில எண்ணங்களை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

முதற்பதிப்பின் விதி கடுமையானது. உயிர்ப் புள்ளி பூஜ்யமானால் மரணம், அவ்வளவே. 1979-இல் வந்த நடத்துநர் கையேட்டில் சற்று இரக்கம் தோன்றியது. பூஜ்யத்தில் மயக்கம், பின்னர்ச் சுற்றுக்கு ஒரு புள்ளியாகக் குறைந்து, பூஜ்யத்துக்குக் கீழே பத்தை எட்டினால்தான் மரணம். அதற்குள் தோழர் ஓடிவந்து காப்பாற்றலாம். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, வீழ்ந்தவரே தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். பத்தும் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றிகள் சேர்ந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்விகள் சேர்ந்தால் போய்விடும். ஒருவரும் உதவாவிடினும் பத்தில் ஏறக்குறைய ஆறு முறை பிழைக்க வழியுண்டு. எனினும் அந்த மூன்றாவது பகடை உருளும்போது மேஜையில் நிலவும் அமைதியைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும்!

(1977-இல் வந்த 'டிராவலர்' என்னும் விளையாட்டில், பாத்திரத்தைத் தாளில் எழுதி முடிப்பதற்கு முன்பே அது இறந்துபோகக் கூடும். ஆட்டம் தொடங்குமுன் அழுகை! அதனைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.)

விதி எதுவாயினும், நியாயம் நடத்துபவரின் கையில்தான் இருக்கிறது. பலர் தம் முன்னே ஓர் அட்டைத் தட்டியை நிறுத்தி, அதன் மறைவில் பகடை உருட்டுவர். பிள்ளை வருந்துமே என்று எண்ணி, விழுந்த பதினெட்டை எட்டு என்று கூறிவிடுவோரும் உளர். அன்பினால் செய்வதுதான், ஆயினும் இதனை நான் ஏற்பதில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவனைக் காப்பாற்றியவர் மற்றொருவனை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி மறுவாரமே எழும். அதன்பின் எந்த வெற்றியும் அவர்களுக்கு இனிக்காது. நான் தட்டி வைப்பதில்லை. உயிர் போகும் பகடையை நடு மேஜையில், எல்லோரும் காண உருட்டுகிறேன். கைகாக்ஸ் தம் 1979-ஆம் ஆண்டுக் கையேட்டில் இதற்கு ஒரு நடுவழி கூறியிருக்கிறார். எல்லாம் சரிவரச் செய்தும் பகடையின் கொடுமையால் மட்டும் ஒருவன் வீழ்ந்தால், மரணத்துக்குப் பதிலாக மயக்கமோ அங்கக் குறைவோ விதிக்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறு செய்வதாயின் வெளிப்படையாகச் சொல்லிச் செய்வதே முறை.

அதனினும் முக்கியமானது முன்னெச்சரிக்கை. ரயில் பாதையில், நிற்கச் சொல்லும் சிக்னலுக்கு வெகு தூரம் முன்னரே எச்சரிக்கும் சிக்னல் ஒன்று நிற்கும். திடீரெனச் சிவப்பைக் காட்டி, ஏன் நிறுத்தவில்லை என்று டிரைவரைக் கேட்பதில் நியாயமில்லை. கைகாக்ஸே 1975-இல் ஒரு போட்டிக்காக அமைத்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கல்லறைக் கதையில், சுவரில் ஓர் அரக்க முகம் வாய் பிளந்து நிற்கும். அதனுள் புகுந்தவர் இருந்த இடம் தெரியாமல் அழிவர். போட்டிக்கு அது பொருந்தலாம். வீட்டில் ஆடும்போது, உள்ளே விட்ட கோலின் நுனி காணாமற் போவதையேனும் முதலில் காட்ட வேண்டும். கண்டும் ஒருவன் தலையை நீட்டினால் அது அவன் தேர்ந்த வழி.

ஆட்டம் தொடங்குமுன்னரே, "இதில் உங்கள் பாத்திரம் இறக்கக் கூடும், சம்மதமா?" என்று கேட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. எதைக் கதையில் கொண்டுவர வேண்டாம் என்றும் தனித்தனியே கேட்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பையன் என்னிடம் வந்து, "மாமா, கதையில் பாட்டி யாரும் சாக வேண்டாம்" என்று மெல்லிய குரலில் சொன்னான். ஊரில் அவன் பாட்டி காலமாகி மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. தொலைபேசியில் செய்தி கேட்டு ரயிலேறியவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியூரில் வாழும் நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இது நேர்ந்திருக்கிறது! நான் எழுதி வைத்திருந்த மருத்துவக் கிழவியின் கதையை அன்றே மாற்றினேன். காரணத்தை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இறந்தவரை எழுப்பும் மந்திரமும் இவ்விளையாட்டில் உண்டு. 2014-ஆம் ஆண்டு விதிப்படி 500 பொன் பெறுமான வைரம் வேண்டும். இறந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகியிருக்கலாகாது. மரணம் வெறும் வைர வியாபாரமாகிவிடுமாதலால், எங்கள் ஆட்டத்தில் அதனைச் சேர்க்கவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் பாத்திரம் இறந்தது. தோழர்கள் பாலத்தைக் கடக்கும் வரை கயிற்றைப் பிடித்து நிற்பதாக அவளே சொன்னாள். கயிறு அறுந்துவருகிறது என்று இருமுறை எச்சரித்தேன், விடவில்லை. பகடை கைவிட்டது. அவள் பாத்திரத்தின் கடைசிச் சொற்களை அவளையே கூறச் செய்து, பிறகு கால்மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டிலுமா பிள்ளையை அழவைப்பது?" என்று அவள் தகப்பனார் என்னைக் கடிந்துகொண்டார். நான் பதில் சொல்லுமுன், "அப்பா, நான்தான் விடமாட்டேன்னு சொன்னேன். மத்த நாலு பேரும் தப்பிச்சாங்க இல்லையா?" என்றாள் அவள்.

இறந்த பாத்திரத்தின் ஆட்டக்காரரை வெறுமனே உட்கார வைப்பது பெருந்தவறு. அன்று மாலையே அவளுக்கு ஓடக்காரன் பாத்திரத்தைக் கொடுத்தேன். மறுவாரம் இறந்தவளின் தங்கையாக வந்து, அக்காள் விழுந்த இடம் எது என்று தோழர்களைக் கேட்டாள். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பாலத்துக்குத் திரும்பிச் செல்வதென்று அவர்கள் முடிவு செய்தபோது மணி எட்டாகிவிட்டது. தாய்மார்கள் அழைக்கத் தொடங்கிவிட்டனர்.