குளிர அடைகாக்கும் ஆள்காட்டி

சித்திரை, வைகாசியில் கொள்ளிடத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இந்த ஆறு, பெருவெள்ளத்தை வாங்கிக் கடலில் கொண்டு சேர்க்கும் வழி. கோடையில் அங்கங்கே குட்டை, ஓரத்தில் நாணலும் கோரையும், நடுவே ஆடுமாடு மேயும் புல்திட்டு என்று மேய்ச்சல் நிலமாகிக் கிடக்கும். கொண்டலாத்தி, வானம்பாடி, உண்ணிக்கொக்கு என்று காலையில் ஒரு பக்கம் நிறையக் குறித்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ, பார்க்க வேண்டிய காட்சி எல்லோரும் போன பிறகு, பதினோரு மணி வெயிலில்தான் தொடங்குகிறது. அதைக் காட்டுவது ஆள்காட்டி.

இந்தப் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மணலில் கால் வைத்ததுமே எங்கிருந்தோ கிளம்பி, தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆக்காட்டி என்றும் சொல்வார்கள். கௌதாரி அளவு உடம்பு, நெடிய மஞ்சள் கால், பழுப்பு முதுகு, கறுத்த தலையும் நெஞ்சும், நுனி மட்டும் கறுத்த சிவப்பு அலகு, கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தசைமடல். மடல் மஞ்சளாக இருந்தால் அது வேறு இனம். வறண்ட பொட்டலில் வாழ்வது, இவ்வளவு வாயாடியும் அல்ல. ஆள்காட்டியின் பின்விரல் பேருக்குத்தான் இருக்கிறது. கிளையைப் பற்றி உட்கார அது போதாது. ஆகவே மேய்வது, தூங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையில்தான்.

கூடு என்று சொல்வதே அதிகம். மண்ணில் கிளறிய சிறு குழி, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை. பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூரான முனைகள் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். மண்நிற ஓட்டில் கறுப்புத் திட்டுகள் சிதறியிருப்பதால், பக்கத்தில் நின்றாலும் சட்டென்று கண்ணில் படாது.

கோழி அடைகாப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அடைகாத்தல் என்றால் சூடு கொடுப்பது. ஆற்றுமணலில் கதை வேறு. முட்டைக்குள் இருக்கும் கரு 37, 38 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும். சூடு குறைந்தால் வளர்ச்சி மந்தப்படும். கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். நாலைந்து டிகிரி கூடி அப்படியே நின்றுவிட்டால் செத்துவிடும். மே மாதத்து நண்பகலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பஞ்சுருட்டானுக்கு இந்தக் கவலை இல்லை. கரைச்சரிவில் வளை தோண்டி உள்ளே போய்விடுகிறது. ஆள்காட்டி திறந்தவெளியில் நின்று சமாளிக்க வேண்டும்.

சமாளிக்கும் விதத்தைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். கூட்டில் இருக்கும் பறவை உட்காராமல் காலை அரைகுறையாக மடித்து நிற்கும். அதன் நிழல் முட்டைமேல் விழும். அலகு திறந்திருக்கும், தொண்டை படபடவென்று துடிக்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, பெரும்பாலும் வாய்வழிதான் சூட்டைத் தள்ள வேண்டும். இதற்குள் ஜோடிப் பறவை குட்டையில் இறங்கி, வயிற்றை நீரில் அழுத்தி அழுத்தி நனைக்கும். பிறகு இரண்டு எட்டு ஓடி, நின்று, அக்கம்பக்கம் பார்த்து, மறுபடி ஓடி வந்து சேரும். வயிற்று இறகுகள் ஈரத்தில் திரிதிரியாக ஒட்டியிருக்கும். முதல் பறவை தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் நழுவ, வந்தது இறகைச் சிலிர்த்து, இடமும் வலமுமாக அசைந்து முட்டைகள்மேல் படியும். ஈரம் ஆவியாகும்போது ஓட்டிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது; மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கல்கௌதாரி ஆணும் வயிற்று இறகில் தண்ணீர் சுமக்கும், ஆனால் அது குஞ்சுகள் குடிப்பதற்கு.

ஆணும் பெண்ணுமாக இப்படி ஏறத்தாழ நான்கு வாரம் மாறி மாறிக் காக்க வேண்டும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே குழியை விட்டு நடந்துவிடும், தாமாகவே பூச்சி பொறுக்கும். பெற்றோர் அபாயக் குரல் கொடுத்தால் அப்படியே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காலடியில் இருந்தாலும் தெரியாது.

இத்தனைக்கும் தப்பாத கூடுகள் ஏராளம். காக்கை, நாய், கீரி, மாட்டுக் குளம்பு. தென்மேற்குப் பருவமழையில் மேட்டூர் நிரம்பினால் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்புவார்கள். பள்ளத்தில் தாமதமாக முட்டையிட்டவற்றின் கதி அதோடு முடிந்தது. முட்டையை இழந்த ஜோடி, பருவம் மிச்சமிருந்தால், மேடான இடம் பார்த்து மறுபடி இடும்.

பார்க்கப் போகிறவர் செய்யும் கெடுதலும் உண்டு. நாம் பக்கத்தில் நிற்கும்வரை பறவை வானத்தில் கத்திக்கொண்டிருக்கும், கீழே முட்டை வெயிலில் வேகும். நம் கால்தடம் போகும் வழியைக் காக்கையும் கவனித்துக்கொண்டிருக்கும். கரையோர மரநிழலே போதும். வந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் கத்தல் ஓய்ந்து பறவை கூட்டுக்குத் திரும்பினால், சரியான தூரத்தில் இருக்கிறீர்கள். திரும்பவில்லை என்றால் இன்னும் ஐம்பது அடி பின்னுக்குப் போங்கள்.