எம்ஆர்என்ஏ மருந்து: தூய்மையாக்கும் முறையைத் தேர்வதில் உள்ள சிக்கல்

புனேயின் ஜென்னோவா நிறுவனம் உருவாக்கிய ஜெம்கோவாக்-19 தடுப்பூசிக்கு 2022 ஜூன் மாதம் அவசரகால அனுமதி கிடைத்தபோது, எம்ஆர்என்ஏ தொழில்நுட்பம் இந்தியாவிலும் காலூன்றியது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கக்கூடியது என்பதால், திருத்தணி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைக் குளிர்பெட்டியிலேயே அதைப் பாதுகாக்க முடியும். ஆனால் இத்தகைய மருந்தின் தரம் குளிர்பெட்டியை அடைவதற்கு வெகுமுன்னரே, ஆலையின் தூய்மையாக்கும் கட்டத்தில், பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

புரதம் செய்வதற்கான கட்டளையை உயிரணுவுக்குக் கொண்டுசெல்லும் எம்ஆர்என்ஏ மூலக்கூறு, டிஎன்ஏ அச்சைப் பார்த்து டி7 பாலிமரேஸ் என்னும் நொதியால் கலனில் படியெடுக்கப்படுகிறது. வினை முடிந்தபின் அச்சும் நொதியும் மிஞ்சிய மூலப்பொருள்களும் கலந்தே நிற்கின்றன. அவற்றை நீக்குவது கடினமன்று. உண்மையான தொல்லை, இரண்டு இழைகள் இணைந்து உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏ என்னும் துணைவிளைவாகும். அதை வைரஸின் அடையாளமாக உணரும் உடல், அழற்சியைத் தூண்டுவதோடு புரத உற்பத்தியையும் அடக்கிவிடுகிறது. இதை நீக்கினால் அழற்சி தணிந்து புரதம் பெருகும் என்பதை, பின்னர் 2023இல் நோபல் பரிசு பெற்ற காத்தலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோரின் குழு 2011இல் காட்டியது. ஓரிரு தவணைகளோடு முடியும் தடுப்பூசியைவிட, மரபுக் குறைபாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் செலுத்தப்படும் சிகிச்சை மருந்தில் இந்த மாசு மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும்.

அக்குழு கையாண்ட உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை முறை மாசை நன்றாகப் பிரிக்கும். ஆயினும் அதற்குத் தேவையான அசிட்டோநைட்ரைல் நச்சுத்தன்மையும் தீப்பற்றும் இயல்பும் உடையது என்பதால், பெரிய ஆலையில் அது செலவையும் ஆபத்தையும் கூட்டுகிறது. எம்ஆர்என்ஏவின் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஒலிகோ-டிடி பிசினில், உப்பு மிகுந்த கரைசலில் ஒட்டும் மூலக்கூறு உப்புக் குறைந்த நீரில் விடுபடுகிறது; கரிமக் கரைப்பானே தேவையில்லாத இம்முறை உற்பத்தியாளருக்கு மிகவும் உகந்தது. ஆனால் வாலுள்ள இரட்டை இழையும் அதில் ஒட்டிக்கொள்ளும். குறுக்கோட்ட வடிகட்டல் சிறு மூலக்கூறுகளைக் கழித்துக் கரைசலைச் செறிவாக்குமே தவிர, இரட்டை இழையைப் பிரிக்காது. 2019இல் வெளியான செல்லுலோஸ் முறையோ, எத்தனால் கலந்த கரைசலில் இரட்டை இழையை மட்டும் செல்லுலோஸில் ஒட்டவைத்து, குறைந்தது 90 விழுக்காட்டை நீக்குகிறது. விளைச்சலில் ஒரு பங்கை அதற்காக இழக்க நேர்கிறது.

ஆகவே சிகிச்சை மருந்துக்கு ஒரே முறையை நம்புவது போதாது. வினையின்போதே மாசைக் குறைத்து, ஒலிகோ-டிடியால் பெரும்பகுதியைச் சுத்தமாக்கி, இரட்டை இழைக்கெனத் தனிப் படியொன்றைச் சேர்த்து, இறுதியில் வடிகட்டுவதே பொருத்தமான வரிசையாகத் தோன்றுகிறது. இவ்வரிசையை மனிதர்களிடம் சோதனை தொடங்கும் முன்பே உறுதிசெய்வது அவசியம். பின்னர் ஒரு படியை மாற்றினாலும், பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒத்தவை என்று ஒழுங்குமுறை அமைப்பிடம் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.