எண்ணெய்ச் சட்டி ஏறாத கிழங்கு வறுவல்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருக்கும் தமிழர் கடைத்தெருவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்க வேண்டுமானால் 'கெணசு' என்று கேட்க வேண்டும். நெல்லைச் சீமையார் சீனிக்கிழங்கு என்பர். டில்லியில் அதுவே சகர்கந்தி. பழைய மைசூர்ப் பகுதியில் எள்ளும் வெல்லமும் வழங்கும் சங்கராந்தித் திருநாளில் அவரைக்காய், நிலக்கடலை ஆகியவற்றுடன் இக்கிழங்கையும் அவித்து உண்பது வழக்கம்.

ஆனால் இக்காலத்துப் பிள்ளைகள் அவித்த கிழங்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விரல் விரலாக நறுக்கி மொறுமொறுப்பாக வறுத்துத் தந்தால் தட்டு நொடியில் காலியாகிறது. எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதற்கு மாற்றாகச் சிறிய மின்சார ஓவனில் சுட்டெடுக்கும் முறை பல வீடுகளில் பரவியுள்ளது. எனினும் செய்து பார்த்தோரில் பலர், துண்டுகள் துவண்டு போவதாகவும் ஓரங்கள் மட்டும் கருகுவதாகவும் குறைப்படுகின்றனர்.

காரணம் கிழங்கின் உள்ளேயே இருக்கிறது. சூடு மெல்ல ஏறும்போது அதிலுள்ள ஒரு நொதிப்பொருள் மாவுச்சத்தின் ஒரு பகுதியை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. டில்லித் தெருக்களில் குளிர்காலத்தில் தணலில் சுட்டு எலுமிச்சை பிழிந்து தரும் கிழங்கு அத்தனை இனிப்பதும் இதனாலேயே. வறுவலுக்கோ இது இடையூறு: உள்ளிருக்கும் நீர் வற்றுமுன் மேலிருக்கும் சர்க்கரை சிவந்துவிடுகிறது.

ஆகவே ஓவனை முன்னதாகவே 210 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிவிட வேண்டும். அரைக் கிலோ கிழங்கைச் சுண்டுவிரல் பருமனில் ஒரே அளவாக நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைக்கவும். இத்துடைப்பில் சோம்பினால் பின்னர் செய்வதெல்லாம் வீண். இரண்டு தேக்கரண்டி அரிசி மாவைப் பிசிறி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சேர்த்துப் புரட்டி, ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பவும். பதினைந்து நிமிடம் கழித்துத் திருப்பிவிட்டு, மேலும் பத்து நிமிடம் வைக்கலாம். உப்பை முன்னதாகச் சேர்த்தால் நீர் விடும். இறக்கிய பின் மிளகுத்தூளுடன் தூவுவதே முறை.

பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். மாவுப்பொருள்களைக் கடுஞ்சூட்டில் வறுத்தாலும் சுட்டாலும் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் வெளியிட்டனர். நிறம் கருக்கக் கருக்க அது மிகும். எண்ணெயை அறவே நீக்குவதும் அறிவுடைமை அன்று. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்துக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஸ்ரீ கனகா, பூ சோனா போன்ற ஆரஞ்சு நிறக் கிழங்குகளில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்துள்ளது. அதனை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு தேவை.

இனி, நீரிழிவு உள்ள பெரியோர் வீட்டில் இருப்பின் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணெய் குறைந்தது என்பதற்காக இவ்வறுவலை அவர்கட்குத் தாராளமாகப் பரிமாறுவோர் உளர். ஓவன் எண்ணெயைக் குறைக்குமேயன்றிச் சர்க்கரையைக் குறைக்காது. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தை, குளுக்கோஸை 100 எனக் கொண்டு அளப்பர். ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில் அவ்வெண், அவித்த கிழங்குக்கு 41 முதல் 50 வரை. எண்ணெயில் பொரித்ததற்கு 63 முதல் 77 வரை. ஓவனில் சுட்டதற்கோ 82 முதல் 94 வரை! பொரித்ததையும் விஞ்சிவிட்டது. முழுக்கிழங்கைச் சுடுவதற்கும் மெல்லிய துண்டைச் சுடுவதற்கும் வேறுபாடு இருக்கலாம்; ஆயினும் அவித்ததே அவர்கட்கு ஏற்றது என்பது நம் கருத்து. தோலோடு அவித்து, அளவறிந்து இரண்டொரு துண்டுகளை அவரைக்காயுடனோ சுண்டலுடனோ அவர்கள் இலையில் வைக்கலாம். அதையும் அன்றைய சோற்றின் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.