எரிக் மோர்லி: உலக அழகியை உருவாக்கிய வணிகர்

ரீட்டா ஃபாரியா, ஐஸ்வர்யா ராய், பிரியங்கா சோப்ரா என்று உலக அழகிப் பட்டம் வென்ற இந்தியப் பெண்களின் பெயர்கள் இங்கே பலருக்கும் மனப்பாடமாக இருக்க, அந்தப் பட்டத்தை உருவாக்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தன் கைக்குள் வைத்திருந்த எரிக் மோர்லியின் பெயர் அவ்வளவாக அறியப்பட்டதில்லை. பட்டம் பெறுபவர் ஆண்டுதோறும் மாறினாலும், போட்டியை நடத்துபவர் மாறுவதில்லை. விதிகளை வகுப்பவரும், நடுவர்களை அழைப்பவரும், வென்றவரின் நடத்தையைக் கண்காணிப்பவரும், வருவாயைப் பெறுபவரும் அவரே. இப்போட்டியைச் சுற்றி எழுந்த சர்ச்சைகள் பலவற்றுக்கும் இந்த அதிகாரக் குவிப்பே வேர் என்பதை மோர்லியின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

1918-இல் லண்டனில் பிறந்த மோர்லி, பதினோரு வயதுக்குள் பெற்றோரை இழந்து, கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஒன்றில் வளர்ந்து, இசைக்குழுச் சிறுவனாக இராணுவத்தில் சேர்ந்து கேப்டன் நிலை வரை உயர்ந்தவர். போர் முடிந்து 1946-இல் படையை விட்டு வெளியேறியதும், பிரிட்டன் முழுவதும் நடன அரங்குகளை நடத்திவந்த மெக்கா நிறுவனத்தில் விளம்பரப் பணிக்கு அமர்ந்தார். பிபிசி பல பத்தாண்டுகள் ஒளிபரப்பிய ‘கம் டான்ஸிங்’ என்னும் நடனப் போட்டி நிகழ்ச்சியும், சூதாட்டச் சட்டம் 1960-இல் தளர்த்தப்பட்ட பின் மெக்கா அரங்குகளில் பரவிய பிங்கோ என்னும் எண் விளையாட்டும் அவரது முயற்சிகளே. அரங்கை நிரப்புவது எப்படி என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய கேள்வி. அழகிப் போட்டியும் அந்தத் தேடலில் பிறந்ததுதான்.

போரின் சோர்விலிருந்து நாட்டை மீட்கும் நோக்கத்தோடு பிரிட்டன் அரசு 1951-இல் பெருவிழா ஒன்றை நடத்தியபோது, அதையொட்டி லண்டன் லைசியம் நடன அரங்கில் மோர்லி ஒரு பிகினிப் போட்டியை ஏற்பாடு செய்தார். பிகினி என்னும் இரு துண்டு நீச்சலுடை அறிமுகமாகி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. போட்டியிட்டவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனைச் சேர்ந்தவர்களாக இருந்தும், செய்தித்தாள்கள் அதற்கு ‘உலக அழகி’ என்று பெயர் சூட்டின. சுவீடனைச் சேர்ந்த கிகி ஹாகன்சன் பிகினியிலேயே மகுடம் சூட்டப்பட்டார். இதைப் போப்பாண்டவர் கண்டித்ததும், மோர்லி வாதாடிக்கொண்டிருக்காமல் அடுத்த ஆண்டே ஒற்றைத் துண்டு நீச்சலுடைக்கு மாறினார். ஒருமுறை நடத்திவிட்டு விடுவதாக இருந்த போட்டியை, அமெரிக்காவில் ஒரு நீச்சலுடை நிறுவனத்தின் துணையோடு ‘மிஸ் யுனிவர்ஸ்’ தொடங்கப்பட்ட செய்தியை அறிந்ததும் ஆண்டு விழாவாக்கினார். எதிர்ப்பு வந்தால் விதியை மாற்றுவது, ஆனால் போட்டியை நிறுத்துவதில்லை என்னும் அவரது வழிமுறை அப்போதே உருவாகிவிட்டது.

போட்டியின் வணிக அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நிறுவனம் அந்நாட்டு அழகியைத் தேர்ந்து அனுப்பும் உரிமையைப் பெறும். தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிபரப்பு உரிமையைப் பெறும். பின்னாளில் இறுதிச் சுற்றை நடத்தும் வாய்ப்பும் விலைபோனது. வென்றவர் ஓராண்டுக் காலம் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, நிர்வாகம் சொல்லும் இடங்களுக்குச் செல்ல வேண்டும். 1966-இல் பட்டம் வென்ற பம்பாய் மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா, வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படையினரை மகிழ்விக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு சென்றதும், அது இந்தியாவில் கண்டனத்துக்கு உள்ளானதும் இத்தகைய ஏற்பாட்டின் விளைவுகளே.

மோர்லி எதிர்கொண்ட மிகப் பெரிய சோதனை 1970 நவம்பர் 20 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் நேர்ந்தது. பெண் விடுதலை இயக்கத்தினர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்வையாளர்களோடு கலந்து அமர்ந்திருந்தனர். தொகுப்பாளராக வந்த பாப் ஹோப் போட்டியாளர்களை மாட்டுச் சந்தையோடு ஒப்பிட்டு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தபோது, கால்பந்துத் திடல்களில் சுழற்றும் கிலுகிலுப்பையின் ஒலி எழுந்தது. அந்தச் சைகையைத் தொடர்ந்து மாவுப் பொட்டலங்களும் துண்டறிக்கைகளும் மேடையை நோக்கிப் பறந்தன. மேடையை விட்டு ஓட முயன்ற ஹோப்பை, மோர்லியின் மனைவியும் போட்டியின் இணை நிர்வாகியுமான ஜூலியா பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த ஒளிபரப்பு அது. பெண்ணை அளவெடுத்து மதிப்பிடும் வழக்கத்தையே எதிர்ப்பதாகவும், மேடையில் நின்ற பெண்கள் தங்கள் எதிரிகள் அல்லர் என்றும் போராட்டக்காரர்கள் விளக்கினர்.

அதே இரவு நிறவெறிச் சிக்கலும் மேடையேறியது. தென்னாப்பிரிக்கா வெள்ளையரை மட்டுமே அனுப்பிவந்தது என்ற எதிர்ப்பைச் சமாளிக்க, மோர்லி அந்நாட்டிலிருந்து இருவரை வரவழைத்தார்: வெள்ளையருக்கு ‘தென்னாப்பிரிக்கா’ என்னும் பட்டை, வெள்ளையரல்லாத பேர்ல் ஜான்சனுக்கு ‘ஆப்பிரிக்கா தெற்கு’ என்னும் பட்டை. நிறவெறியை எதிர்க்கவும் செய்யாமல், ஏற்றதாகவும் காட்டாமல், இருதரப்பையும் வாடிக்கையாளர்களாகத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஜான்சன் இரண்டாம் இடம் பெற, கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன் பட்டம் வென்றார். கறுப்பினப் பெண்ணின் வெற்றி பலருக்குப் பெருமிதம் தந்தது என்றாலும், கிரெனடாவின் தலைமை அமைச்சர் எரிக் கெய்ரியே நடுவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தது வெற்றியின் மீது ஐயத்தைப் படரவிட்டது. பத்திரிகைகளின் நெருக்குதலால் ஜூலியா பதவி விலகிப் பின்னர் திரும்பினார். அந்த ஐயத்துக்கு இடம் கொடுத்தது கெய்ரியை நடுவராக்கிய நிர்வாகம். அதன் சுமையைத் தாங்கியவரோ ஹோஸ்டன். தென்னாப்பிரிக்கப் பங்கேற்பை எதிர்த்து 1976-இல் இந்தியா உட்படச் சில நாடுகள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன.

ஒழுக்கக் காவலர் என்னும் வேடமும் மோர்லி தம்பதியருக்குத் தொல்லையே தந்தது. 1973-இல் வென்ற அமெரிக்கர் மார்ஜரி வாலஸ், புகழ்பெற்ற ஆண்களோடு இணைத்துப் பேசப்பட்டதற்காக 104 நாள்களில் பட்டத்தை இழந்தார். 1974-இல் வென்ற பிரிட்டனின் ஹெலன் மார்கன், மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தாய் என்ற செய்தி வெளியானதால் நான்கே நாள்களில் விலகினார். நீச்சலுடையில் நிற்கவைத்து விற்கும் அதே நிறுவனம், குடும்பப் பாங்கான பிம்பத்தையும் விற்க வேண்டியிருந்ததால் நேர்ந்த முரண்பாடு இது. ஜூலியா 1970-களின் தொடக்கத்தில் புகுத்திய ‘நோக்கமுள்ள அழகு’ என்னும் அறப்பணித் திட்டம், நிதி திரட்டிக் குழந்தைகளுக்கு உதவியதோடு, போட்டிக்குப் புதிய நியாயத்தையும் தேடித்தந்தது. ஆயினும் பிரிட்டன் தொலைக்காட்சியில் செல்வாக்குச் சரிந்தது: 1979-க்குப் பின் பிபிசியும், 1988-க்குப் பின் தேம்ஸ் தொலைக்காட்சியும் ஒளிபரப்பைக் கைவிட்டன. அரசியலும் மோர்லிக்குக் கைகொடுக்கவில்லை. 1979 தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக டல்விச் தொகுதியில் வெறும் 122 வாக்குகளில் தோற்றார்.

தாயகத்தில் சந்தை சுருங்கவே போட்டி வெளிநாடுகளைத் தேடிச் சென்றது. 1996-இல் அமிதாப் பச்சனின் ஏபிசிஎல் நிறுவனம் அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தபோது, பண்பாட்டுச் சீரழிவு என்று இந்துத்துவ அமைப்புகளும், பெண்ணுடலைச் சந்தைப்பொருளாக்கும் செயல் என்று இடதுசாரி மகளிர் அமைப்புகளும் வெவ்வேறு காரணங்களோடு ஒரே நேரத்தில் எதிர்த்தன. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டு, இறுதிச் சுற்று நவம்பர் 23 அன்று பலத்த காவலோடு சின்னசாமி விளையாட்டரங்கில் நடந்தது. 1951-இல் கையாண்ட அதே உத்தி 45 ஆண்டுகளுக்குப் பின்னும் செல்லுபடியாயிற்று. நட்டத்தையோ ஏபிசிஎல் சுமந்தது.

மோர்லி 2000 நவம்பரில் மறைந்த பின் பொறுப்பேற்ற ஜூலியாவின் காலத்திலும் சர்ச்சைகள் ஓயவில்லை. 2002-இல் நைஜீரியாவில் நடக்கவிருந்த போட்டியைப் பற்றி ஒரு நாளிதழில் வெளியான கட்டுரை மதக் கலவரத்தைத் தூண்ட, கடுனா நகரில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். போட்டியோ லண்டனுக்கு இடம் மாறித் திட்டமிட்டபடி முடிந்தது. நீச்சலுடைச் சுற்று 2014-இல் கைவிடப்பட்டது. 2025-இல் ஐதராபாத்தில் போட்டி நடந்தபோது, இங்கிலாந்துப் போட்டியாளர் பாதியிலேயே வெளியேறி, விருந்தினரை மகிழ்விக்கத் தாங்கள் பயன்படுத்தப்பட்டதாகக் குற்றம் சாட்ட, நிர்வாகம் அதை மறுத்தது.

கண்டனம் எழும்போதெல்லாம் உடையும், இடமும், முழக்கமும் மாறியிருக்கின்றன, மாறாதது உரிமை. நடுவர் தேர்வும், ஒப்பந்தமும், வருவாயும் ஒரே குடும்ப நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை, நீச்சலுடையை நீக்கியதையோ அறப்பணியைச் சேர்த்ததையோ கொண்டு இப்போட்டி சீர்திருந்திவிட்டது என்று முடிவுகட்ட இயலாது.