உங்களுக்குத் தெரியுமா? துரத்தப்பட்ட காசோலை மோசடிக்காரன்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2002 டிசம்பரில் வெளியான ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’, ஃபிராங்க் அபக்னேல் தன் வாழ்க்கைக் கதை என்று 1980இல் ஸ்டான் ரெடிங்குடன் சேர்ந்து எழுதிய நூலைத் தழுவியது. விமானி, மருத்துவர், வழக்கறிஞர் என்று வேடமிட்டுப் போலிக் காசோலைகளைப் பணமாக்கும் இளைஞனாக லியோனார்டோ டிகாப்ரியோவும், அவனை விடாமல் துரத்தும் எஃப்.பி.ஐ. அதிகாரியாக டாம் ஹாங்ஸும் நடித்தனர். அவனைப் பிடிக்கும் பிரெஞ்சுப் போலீஸ்காரர்களில் ஒருவராகச் சில நொடிகள் தோன்றுபவர் அபக்னேலேதான்.

படத்தின் சுவையான பகுதி மோசடியின் நுட்பம். அமெரிக்கக் காசோலையின் அடியில் அச்சிடப்படும் வங்கி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், அந்த வங்கி, அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் 12 வட்டாரங்களில் எதைச் சேர்ந்தது என்று காட்டும். அவற்றை மாற்றிவிட்டால், நியூயார்க்கில் கொடுத்த காசோலை நாட்டின் மறுகோடிக்குப் போய் அலைந்து திரும்பும். போலி என்று தெரிவதற்குள் ஆள் ஊர் மாறியிருப்பான். கணினி வழிச் சரிபார்ப்பு பரவாத காலத்தில் இந்தத் தாமதமே மோசடிக்காரனின் முதலீடு.

ஆனால் ‘உண்மைக் கதை’ என்ற அடைமொழியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அபக்னேல் பிரான்சிலும் சுவீடனிலும் சிறைப்பட்டது மெய். எனினும், சாகசங்கள் நடந்ததாகச் சொல்லப்படும் 1965 முதல் 1968 வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் அவர் நியூயார்க் மாநிலச் சிறையில் இருந்ததை, ஆலன் லோகன் 2020இல் வெளியிட்ட நூல் ஆவணங்களுடன் காட்டியது.