கோடுகள் கல்லான கதை

நூலகத்தில் கட்டடக்கலை நூலொன்றைப் புரட்டும்போது பழங்காலச் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஏதேனும் எதிர்ப்பட்டால், நம்மில் பலர் அதனைக் கடந்து அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். வண்ணம் இல்லை, 'வெறும் கோடுகள்தாமே!' என்ற எண்ணம். அத்தகைய கோடுகள் ஒரு தலைநகரின் வாயிலையே எழுப்பின என்றால் வியப்பாக இல்லையா?

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வளைவுகளும் பூவேலைகளும் மலிந்த பாணியில் சலிப்புற்ற ஐரோப்பியக் கலைஞர்கள், பண்டைக் கிரேக்க, உரோமானியக் கலைகளின் எளிமையையும் அளவொழுங்கையும் நாடினர். இதுவே புதுச்செவ்வியல் பாணி. புகைப்படம் தோன்றாத காலம் அது. துருக்கியர் ஆட்சியிலிருந்த ஏதென்சு நகருக்குச் சென்றுவருவதும் எளிதன்று. எனவே, அச்சுப்படமே பலருக்குக் கண்ணாக விளங்கியது.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ ருவா 1755இல் ஏதென்சு சென்றார். கிரேக்கச் சின்னங்களைப் பற்றிய அவருடைய படநூல் 1758இல் பாரிசில் வெளிவந்தது. அக்ரோபொலிசுக் குன்றின் தலைவாயிலான புரோபிலேயாவும் அதில் இடம்பெற்றது. கி.மு. 437க்கும் 432க்கும் இடையில் எழுந்த அவ்வாயில், அவர் கண்டபோது முழுமையாக இல்லை. முந்தைய நூற்றாண்டில் நிகழ்ந்த வெடிமருந்து விபத்தில் சிதைந்து, கோட்டைச் சுவர்களுக்கும் பிற்காலக் கோபுரம் ஒன்றுக்கும் நடுவே புதைந்து கிடந்தது. அவரோ அச்சுவர்களை மனத்தால் அகற்றி, வாயில் பண்டு எவ்வாறு நின்றிருக்குமோ அவ்வாறு வரைந்து காட்டினார். ஆகவே, அப்படம் கண்டதும் கருதியதும் கலந்த ஒன்று.

இத்தகைய படத்தை எவ்வாறு சுவைப்பது? செப்புத்தகட்டில் வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பதே இம்முறை. கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் ஒளி. ஒரு தூண் உருண்டையாகத் தோன்றுவது அந்த நெருக்கத்தாலும் விலகலாலுமே. அடுத்து, அளவுகளைக் காணுங்கள். முகப்பை நேர்நின்று நோக்குவதுபோல் வரைந்த படத்தில் தூணின் உயரம், பருமன், இடைவெளி ஆகியவற்றை ஒப்பிடலாம். புரோபிலேயாவின் முகப்பில் ஆறு தூண்கள். ஊர்வலம் செல்வதற்காக நடு இடைவெளி மட்டும் அகன்றது. அழகு இங்கே பயனிலிருந்தே பிறக்கிறது!

இனி, பெர்லின் நகருக்கு வருவோம். பிரசிய மன்னருக்காக லாங்ஹான்ஸ் என்னும் கலைஞர் பிராண்டன்பர்க் வாயிலை 1788 முதல் 1791 வரை கட்டினார். ஏதென்சின் வாயிலே தம் முன்மாதிரி என்று அவரே குறித்துள்ளார். ஆனால், அவர் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை! லெ ருவா முதலியோரின் படங்களே அவருக்கு வழிகாட்டின. இங்கும் பக்கத்திற்கு ஆறு தூண்கள், ஐந்து வழிகள், நடுவழி அகன்றது.

எனினும், இது நகல் அன்று. கிரேக்கத் தூண்கள் அடிப்பீடமின்றி நேரே தளத்தில் ஊன்றியவை, பெர்லின் தூண்களுக்கு அடிப்பீடம் உண்டு, அவை மெலிந்தவையுங்கூட. முக்கோண முகட்டின் இடத்தில் உயர்ந்த மேற்சுவரும், 1793இல் ஏறிய நான்கு குதிரைத் தேரும் உள்ளன.

லெ ருவாவின் அளவுகளில் பிழைகள் உண்டென்று, 1762இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கிலேயரான ஸ்டூவர்ட் எடுத்துக்காட்டினார். அது நேர்மையான திறனாய்வே. ஆயினும், பிழை உண்டு என்பதற்காகப் படத்தை ஒதுக்கிவிடலாமா? வரைந்தவர் எதைக் கண்டார், எதைக் காண விரும்பினார் என்னும் இரு வினாக்களோடு அணுகினால், அது ஆவணமாகவும் படைப்பாகவும் ஒருங்கே நம்முடன் பேசும். ஏதென்சில் இடிந்து கிடந்த வாயில், தாளில் எழுந்து, பெர்லினில் கல்லாய் நின்றது. 1989இல் பெர்லின் மதில் திறந்தபோது உலகம் கண்கொட்டாமல் நோக்கியதும் அந்த வாயிலைத்தான்.

அடுத்த முறை நூலகத்தில் அத்தகைய பக்கம் எதிர்ப்பட்டால், சற்றே நின்று பாருங்கள், நண்பர்களே!